மூன்றாம் செமஸ்டர் தொடங்கப் போகிறது, கணக்கில் ஒரு அரியர்: வீட்டிலிருந்து என்ன செய்யலாம்?

தஞ்சை_அப்பா:
மகள் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறாள். அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன் (அந்த வருஷப் பாடத்திட்ட விதி), ஹாஸ்டல் வாசம். அடுத்த மாதம் மூன்றாம் செமஸ்டர். முதல் செமஸ்டர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' கணக்குத் தாள் இன்னும் பாஸ் ஆகாமல் அரியர். ஃபீஸில் பாதி கல்விக் கடன். பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு, ஆனால் போன வருஷப் பணம் கணக்கில் ஏறவில்லை. நாங்கள் இருவரும் பத்தாவது தாண்டாதவர்கள். லீவு முடிவதற்குள் நாங்கள் செய்ய வேண்டியது எது, அவளிடமே விட்டுவிட வேண்டியது எது?

கணக்கு_சார்:
ஐயா, அரியர் என்றதும் டியூஷன் தேட வேண்டாம். முதலில் அவளுடைய இன்டர்னல் மார்க்கை, அதாவது கல்லூரியே போடும் மார்க்கைக் கேளுங்கள். இன்டர்னல் 40, தேர்வு 100-க்கு எழுதி 60-க்குக் குறைப்பார்கள். பாஸ் ஆக இரண்டு நிபந்தனை: கூட்டினால் 50 வர வேண்டும், தேர்வில் தனியாக 100-க்கு 45 வர வேண்டும். இன்டர்னல் 36 இருக்கிறதே, 60-க்கு 14 எடுத்தால் போதும் என்று எழுதப் போகிறவர்கள் இரண்டாவது நிபந்தனையில் விழுகிறார்கள். இன்டர்னல் 18 தான் என்றால் கணக்கு வேறு: 60-க்கு 32 தேவை, அதாவது 100-க்கு 54.

கணக்குத் தாளில் ஐந்து யூனிட். யூனிட்டுக்கு இரண்டு 2 மார்க், ஒரு 16 மார்க் (அ அல்லது ஆ). ஒரு யூனிட்டின் மதிப்பு 20. மூன்று யூனிட்டை முழுதாகப் போட்டால் 60 வரை வரும். இரண்டை மட்டும் நம்பினால் 40-லேயே நின்றுவிடும். லீவில் ஐந்தையும் புரட்டினால் எதிலும் 16 மார்க் கணக்கு முடிவுவரை போகாது. மேட்ரிசஸ் முதலில்: ஐகன் வேல்யூ, கேலி-ஹாமில்டன், குவாட்ராடிக் ஃபார்ம். அடுத்து ஃபங்ஷன்ஸ் ஆஃப் செவரல் வேரியபிள்ஸ்: மேக்சிமா மினிமா, லக்ராஞ்ச், ஜேக்கோபியன். மூன்றாவது அவள் விருப்பம். பழைய கேள்வித்தாளை எடுத்து, ஒரு பெரிய கணக்குக்கு 25 நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பேப்பரில் போடட்டும். யூடியூபில் பார்த்துத் தலையாட்டினால் புரிந்த மாதிரி இருக்கும், கை ஓடாது.

நீங்கள் நினைவூட்ட வேண்டியது ஒன்று: நவம்பர்-டிசம்பர் தேர்வுக்கு ரெகுலர் பாடங்களோடு அரியருக்கும் பெயர் பதிந்து ஃபீஸ் கட்ட வேண்டும். தேதி தவறினால் ஆறு மாதம் போச்சு.

ஜாவா_தம்பி:
லீவில் சும்மா இருக்காமல் ஜாவா கோர்ஸ் ஒன்றில் சேர்த்துவிடுங்கள் அங்கிள்.

கணக்கு_சார்:
தம்பி, ஜாவா இதே மூன்றாம் செமஸ்டரில் பாடமாகவே வருகிறது. நேரம் மிஞ்சினால் சி புரோகிராமிங்கில் பாயின்டரும் ஸ்ட்ரக்சரும் பார்க்கட்டும். அது தெரியாவிட்டால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முதல் யூனிட்டில் லிங்க்டு லிஸ்ட் வரும்போதே கப்பல் தரை தட்டிவிடும்.

பேங்க்_மேசை:
உங்கள் பங்கு அதிகம் இங்கேதான் சார். உதவித்தொகை ஆதார் வழியாக வருகிறது. ஆதாரோடு எந்தக் கணக்கு கடைசியாகச் சேர்ந்ததோ அங்கே போகும். ஹாஸ்டல் பக்கத்து பேங்கில் புதிதாகக் கணக்கு தொடங்கும்போது ஒரு கையெழுத்தில் அது மாறியிருக்கலாம், பணம் நீங்கள் பார்க்காத பாஸ்புக்கில் கிடக்கலாம். மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் பேங்க் பெயர் தெரியும். ஓடிபி ஆதாரில் பதிந்த நம்பருக்குத்தான் வரும், அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிவிடும்; மகள் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்துத் திறக்க வேண்டும், அதனால் லீவிலேயே முடியுங்கள். உதவித்தொகைக்குக் கேட்கும் வருமானச் சான்றுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) தாண்டி வருவதால் இ-சேவையில் இப்போதே போடுங்கள்.

பேங்க் தர வேண்டிய அடுத்த கல்விக் கடன் தவணை தானாக இறங்காது. போன செமஸ்டர் மார்க் பட்டியல், போனஃபைடு (அங்கே படிக்கிறாள் என்ற கல்லூரிச் சான்று), கல்லூரி தரும் ஃபீஸ் விவரக் கடிதம் மூன்றையும் கிளையில் கொடுத்தால் பணம் நேராகக் கல்லூரிக்குப் போகும். ஃபீஸ் கடைசித் தேதியன்று போய் நின்றால் அபராதம் உங்கள் தலையில்.

தஞ்சை_அப்பா:
ரொம்ப நன்றி. ஆதார் இணைப்பு நாளைக்கே பார்க்கிறேன். இன்னொன்று: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரச் சொல்லலாமா? அவள் அம்மா கேட்கிறாள்.

விடுதி_அக்கா:
வரட்டும் அண்ணா, லீவு போடாமல் வரட்டும். வெள்ளி மதியம் கிளம்பி திங்கள் மதியம் சேர்ந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போகும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 22 நாள் வரைதான் விடலாம், வருகை 75 சதவீதம் வேண்டும். ஏழு பயணத்தில் ஏழு நாள், ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், மீதி எவ்வளவு பாருங்கள். 65-லிருந்து 75-க்குள் என்றால் மருத்துவச் சான்றும் அபராதமும் கட்டித் தப்பலாம். 65-க்குக் கீழே தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். காய்ச்சல் வந்த வாரமே டாக்டர் சீட்டை ஆபீசில் கொடுக்கச் சொல்லுங்கள், செமஸ்டர் கடைசியில் கொண்டுபோனால் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள்.

கைச்செலவு மாதம் ஒருமுறை மொத்தமாகப் போடுங்கள், கேட்கக் கேட்க வேண்டாம். போனில் தினமும் 'படிச்சியா' என்று கேட்டால் 'ம்' தான் பதில் வரும். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் மார்க்கையும் வருகையையும் அவளே சொல்லட்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.