600 அடி போட்டும் புழுதிதான், ஏன்?

மேலூர்க்காரன்:
போன மாசம் தோட்டத்துல 600 அடி போர் போட்டோம். வெள்ளைப் புழுதி பறந்து வேப்பமரமே நரைச்சுப்போச்சு, ஈரம் மட்டும் இல்லை. பக்கத்து வயல்ல 45 அடிக் கிணறு, இன்னும் இறைக்குது. எப்படிங்க?

பழைய போர்க்காரர்:
தம்பி, நம்ம பக்கம் அடியில நைஸ், சார்னோகைட்னு கெட்டிப் பாறை வகைங்க. கல்லுக்குள்ள தண்ணி தங்காது. மேல மக்கிப்போன அடுக்கு, கீழ விரிசல், இந்த ரெண்டுலதான் நிக்கும். விரிசல் மாட்டலைன்னா ஆயிரம் அடியும் வீண். நீரோட்டம் பார்க்கத் தேங்காயை உருட்டினீங்களா, இல்லை மண்ணுக்குள்ள கரண்டு விட்டு மின்தடை அளந்தீங்களா?

மேலூர்க்காரன்:
தேங்காய்தான்ணே.

மானாமதுரை அக்கா:
அந்தக் கிணத்துப் பக்கம் பெரியாறு வாய்க்கால் ஓடுதா?

மேலூர்க்காரன்:
ஆமாக்கா, கூப்பிடு தூரம். வாய்க்காலை அடைச்சா மூணு மாசத்துல கிணத்துலயும் படி தெரியும்.

பழைய போர்க்காரர்:
அப்புறமென்ன, அது வாய்க்கால் கசிவுத் தண்ணிப்பா!