பழைய பொப் தட்டுகள்: மொனோவா ஸ்டீரியோவா? மாரியில எப்படி வைக்கிற?

கல்லடி வாவிக்கரை:
அண்ணன்மாருக்கு வணக்கம். 1966–68 காலத்து சன்ஷைன் பொப், பரோக் பொப் (கூட்டுக்குரல், ஹாப்சிகோட், வயலின் நிறைஞ்ச பொப்) அமெரிக்கத் தட்டுகள் எடுக்கப் பார்க்கிறன். பீச் போய்ஸின் பெட் சவுண்ட்ஸ், லெஃப்ட் பாங்கின் முதல் எல்பி, மிலேனியத்தின் பிகின், இந்த மூண்டும் முதல்ல. பெட் சவுண்ட்ஸை ஒருத்தர் "ஒரிஜினல் ஸ்டீரியோ" எண்டு மொனோவைவிடக் கூடின விலை சொல்றார். குடுக்கலாமா? மழை தொடங்கினா இங்க அலுமாரிக்குள்ளயே பூஞ்சணம் பிடிக்குது, மட்டைக் கவரை எப்படிக் காப்பாத்திற? அமெரிக்காவில இருந்து பழைய பிளேயர் ஒண்டும் வருது. ட்ரான்ஸ்போமர் போட்டா காணும்தானே?

பழந்தட்டு:
குடுக்காதீங்க தம்பி. 1966இல பெட் சவுண்ட்ஸ் மொனோவாத்தான், அதாவது ரெண்டு ஸ்பீக்கரிலயும் ஒரே ஒலியாத்தான், கலக்கப்பட்டது. தட்டு வெளியிட்ட கப்பிட்டல் கொம்பனி வித்த "ஸ்டீரியோ" டுவோபோனிக் எண்ட போலி முறை: ஒரே மொனோவைப் பிரிச்சு ஒரு பக்கம் கீழ்ச்சுரம், மற்றப் பக்கம் மேல்ச்சுரம் கூட்டி, சின்னத் தாமதமும் வச்சது. மொனோ பட்டனை அமத்தினாலும் சரிவராது, அந்தத் தாமதம் குரல்களைக் கரைச்சுப்போடும். உண்மையான ஸ்டீரியோக் கலவை 1990களிலதான் வந்தது. மொனோவின்ர இலக்கம் ரி 2458, போலி ஸ்டீரியோ டிரி 2458. லேபல் கறுப்பு, விளிம்பில வானவில் வளையம் இருக்கவேணும். கப்பிட்டலின் இளம்பச்சை லேபல் 1969இல தொடங்கினது. காசு குறைவெண்டா 1972இல ரிப்ரைஸ் கொம்பனி விட்ட பீச் போய்ஸ் இரட்டை எல்பி "கார்ல் அண்ட் த பாஷன்ஸ்"ஐத் தேடுங்க, அதில ரெண்டாவது தட்டு இதே மொனோதான்.

பிகின் கொலம்பியா கொம்பனி 1968இல விட்டது, இலக்கம் சி.எஸ். 9663. சிவப்பு லேபலில கீழ "360 சவுண்ட்" எண்டிருந்தாத்தான் அந்தக் காலத்துத் தட்டு. விளிம்பைச் சுத்திக் கொலம்பியா பேர் திரும்பத் திரும்ப ஓடினா 1970க்குப் பிறகு அடிச்சது.

லேபலைவிட முக்கியம் தேய்மானம். இந்த இசையில ஹாப்சிகோட், வயலின், கூட்டுக்குரல் எல்லாம் மேல்ச்சுரத்திலதான் நிக்குது. பாரமான ஊசியில ஓடின தட்டு அங்கதான் முதல்ல கிழியும், அதுவும் உள்வட்டத்தில. படத்தைப் பார்த்து வாங்காம, ஒவ்வொரு பக்கத்திலயும் கடைசிப் பாட்டைப் பதிஞ்சு அனுப்பச் சொல்லிக் கேளுங்க. "ச", "ஸ" உரசிக் கேட்டா விட்டிடுங்க. எந்தக் கழுவலும் அதைத் திருத்தாது.

ஊசிமுனை:
பிளேயர் பற்றி. ட்ரான்ஸ்போமர் 230ஐ 120 வோல்ட் ஆக்கும், 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. பழைய ஏசி மோட்டர் கரண்டின் ஹேர்ட்ஸை நம்பித்தான் சுத்துது. ஆகவே 33⅓ சுற்று 27.8க்கு இறங்கும், பாட்டு மூண்டு அரைச்சுரத்துக்கு மேல கீழ போகும். 50 ஹேர்ட்ஸுக்கான மோட்டர்க் கப்பி கிடைச்சா மாத்தலாம். டிசி மோட்டர் எண்டா வோல்ட் மட்டும் பார்த்தாக் காணும்.

மொனோத் தட்டை ஸ்டீரியோ ஊசியில போடலாம், பயமில்ல. அம்ப்ளிஃபயரில மொனோ பட்டனை அமத்துங்க, சடசடப்புக் குறையும்.

அக்கரைப்பற்று ஈரம்:
பூஞ்சணத்துக்கு வாறன். வந்த உடன பழைய கடதாசி உள்ளுறையை எறியுங்க, வித்து அதிலதான் இருக்கு. வெளிய வச்சு, மூக்கைக் கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால உலர்வாத் தட்டுங்க. மறுகா காய்ச்சி வடித்த நீர் 750 மில்லி, ஐசோப்ரோபைல் அல்ககோல் 250 மில்லி, நிறம் வாசமில்லாத கழுவற் திரவம் ரெண்டு மூண்டு துளி. பள்ளத்தின் போக்கில துடைச்சு, வெறும் வடித்த நீரால அலசி, நிழல்ல நிமித்தி வையுங்க. லேபல் நனையக் கூடாது. கிணத்துத் தண்ணி வேண்டாம், உப்புப் படிஞ்சு சத்தம் போடும். வடித்த நீருக்குக் கடையில பெட்டரித் தண்ணி கேட்டா போத்தலை வாசிச்சு வாங்குங்க, அசிட்டும் அதே மாதிரிப் போத்தல்லதான் வருது. 78 சுற்றுப் பழைய அரக்குத் தட்டில அல்ககோலைத் தொடாதீங்க, அரக்குக் கரைஞ்சிடும். ஸ்டைரீன் பிளாஸ்ரிக்கில அடிச்ச 45 சுற்றுத் தட்டுக்கும் வெறும் தண்ணிதான்.

வைக்கிறதுக்கு பொலித்தீன் உள்ளுறை. பீவீசி வெளியுறை வேண்டாம், வெக்கையில தட்டில பனிமூட்டம் மாதிரிப் படியும். ஈரக் கவரைப் பொலித்தீன்ல அடைச்சா பூஞ்சணத்துக்கு நீங்களே வீடு கட்டிக் குடுத்த மாதிரி. ஈரப்பதம் 40–50 வீதம் நல்லது, மாரியில திறந்த அறையில அது நடக்காது. மூடின அலுமாரிக்குள்ள நீல சிலிக்கா ஜெல் வச்சு, நிறம் மாறினா ஓவன் அடுப்பில 120 பாகை செல்சியஸில காய வச்சுத் திரும்பப் போடுங்க. வெளிச்சுவரோட ஒட்டி அலுமாரி வேண்டாம். தட்டு நிமிர்ந்து நிக்கவேணும், சாய்ஞ்சா வளையும்.

கல்லடி வாவிக்கரை:
நன்றி அண்ணே. பிரிக்காத பிளாஸ்ரிக் சுத்தோட வந்தா அப்படியே வைக்கலாமா?

பழந்தட்டு:
வெட்டிக் கழட்டுங்க. அது வருசம் போகப் போக இறுகி, கவரோட சேர்த்துத் தட்டையும் வளைக்கும்.