கேமரா விழுந்தபோது எது காப்பாற்றியது? இன்சூரன்ஸ் பணம் வந்ததா?

"பத்திரமாப் பிடிச்சுக்க வேண்டியதுதானே" என்கிற ஒரே பதிலில் இந்தப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். வெளியில் நடந்து, ஏறி, கூட்டத்தில் நின்று படமெடுக்கிற யாருக்கும் அது போதாது. காற்று ட்ரைபாடைத் தள்ளும், பின்னால் வருகிறவர் இடிப்பார், காலடியில் கல் புரளும். கேமரா ஒருநாள் விழும் என்று வைத்துக்கொண்டே பேசுவோம். விழுந்தபோது எது காப்பாற்றியது, எது கைவிட்டது, இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் பணம் வந்ததா, மறுத்தார்கள் என்றால் பாலிசியில் எந்த வரியைக் காட்டி மறுத்தார்கள், இதெல்லாம் தெரிய வேண்டும். கம்பெனிப் பெயர் வேண்டாம், அந்த வரி போதும்.

நான் ஆரம்பிக்கிறேன், மற்றவர்கள் கீழே தொடருங்கள். ஒரு மேடை நிகழ்ச்சி. ஓரமாக ட்ரைபாடில் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸோடு கேமரா நின்றிருந்தது. இருட்டில் வந்த ஒருவர் கால் தட்டி ட்ரைபாடின் ஒரு கால் இழுபட, எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து சிமெண்ட் தரையில் குப்புற விழுந்தது. லென்ஸின் முன்னால் மாட்டுகிற குழல் போன்ற மறைப்பு, அதாவது லென்ஸ் ஹூட், துண்டுதுண்டாகிவிட்டது. முன் கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது.

அதை அதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன், கணக்குப் போட்டால் புரியும். 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் அரை விநாடிக்குள் தரையைத் தொட்டுவிடும், அப்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். கை நீட்டிப் பிடிக்கலாம் என்பதெல்லாம் நடக்காத காரியம். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கெட்டித் தரையில் ஒரே மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் கேமரா தன் எடையைப் போல் 1,200 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். நொறுங்குகிற ஹூடோ நசுங்குகிற ஃபோமோ இரண்டு சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் அது 60 மடங்காகக் குறைகிறது. ஹூட் உடைந்தது என்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். ஹூடைத் திருப்பி லென்ஸ் மேலேயே மாட்டிக்கொண்டு நடப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து நேராக மாட்டுங்கள், திருப்பிக் கிடந்தால் முன்பக்கத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வெளியில் பார்க்க எல்லாம் சரியாக இருந்தது, ஃபோகஸும் ஓடியது. மறுநாள் ஒரு செங்கல் சுவருக்கு நேர் எதிரே, சுவருக்கு இணையாக ட்ரைபாடில் வைத்து, லென்ஸ் துளையை (அபர்ச்சர்) முழுதாகத் திறந்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் செங்கல்லின் மணல் துகள் வரை தெரிகிறது, இடது ஓரத்தில் கலவைக் கோடுகளே குழைந்து கிடக்கின்றன. லென்ஸ் கேமராவோடு பொருந்துகிற மவுண்ட் கோணிவிட்டது அல்லது உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்துவிட்டது, இரண்டில் ஒன்று. அந்தப் படத்தை சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டோடு சேர்த்துக் கொடுத்ததால் க்ளெய்மில் வாக்குவாதமே வரவில்லை. "வெளியே ஒன்றும் தெரியவில்லையே" என்று இன்சூரன்ஸ் சார்பில் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கேட்டபோது பதில் தயாராக இருந்தது.

* * *

ஹூட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஃபில்டர் விஷயத்தில் மட்டும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விழுந்தால் காப்பாற்றும் என்று சொல்லித்தான் எல்லாரும் லென்ஸின் முன்னால் யுவி ஃபில்டர் என்கிற தட்டைக் கண்ணாடியை மாட்டுகிறார்கள். ஃபில்டர் கண்ணாடி மெல்லியது. லென்ஸின் முன் கண்ணாடி பெரும்பாலும் தடிமனானது. லென்ஸுக்கு ஒன்றுமே ஆகாத அடியில்கூட ஃபில்டர் உடைந்துவிடும், உடனே "பார், ஃபில்டர் காப்பாற்றியது" என்போம். என்னுடையது உடைந்தபோது அதன் சில்லுகள்தான் முன் கண்ணாடியில் கோடு போட்டன. வளையமும் நசுங்கித் திருகில் சிக்கிக்கொண்டது. அதை இடுக்கியால் பிடித்துத் திருக ஆரம்பித்தால் லென்ஸின் திருகும் போய்விடும், சர்வீஸ் சென்டரில்தான் கழற்றினார்கள்.

கடற்கரையில், மணல் பறக்கிற இடத்தில், உப்புச் சாரலில் ஃபில்டர் அவசியம் மாட்டுங்கள். சில லென்ஸ்களில் ஃபில்டர் இருந்தால்தான் தண்ணீர்த் தடுப்பு முழுமையாகும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். விழுவதற்கு ஹூடும், நடக்கும்போது மூடியும் போதும்.

* * *

எனக்கு ஒரு சந்தேகம். ஸ்ட்ராப் அறுந்து பை மேலேயே விழுந்தது, பெரிய அடி இல்லை. ஆனால் இப்போது ஆட்டினால் கேமரா பாடிக்குள் கடகடவென்று சத்தம் வருகிறது. உடைந்துவிட்டதா?

* * *

பதறாதீர்கள். பாடிக்குள்ளேயே நடுக்கத்தடுப்பு இருக்கிற பல கேமராக்களில் பவர் ஆஃப் ஆனதும் சென்சார் தளர்ந்து தொங்கும், ஆட்டினால் சத்தம் வரத்தான் செய்யும். சில லென்ஸ்களிலும் ஃபோகஸ் கண்ணாடித் தொகுதி அப்படித்தான் உள்ளே ஆடும். ஆன் செய்த பிறகு சத்தம் நின்றுவிட்டால் பெரும்பாலும் அதுதான் காரணம். நிற்கவில்லை என்றாலோ, விழுவதற்கு முன் இல்லாத சத்தம் என்று உறுதியாகத் தெரிந்தாலோ, படம் ஓரங்களில் மங்கினாலோ சர்வீஸுக்குக் கொடுங்கள். அப்புறம், எந்த விழுதலுக்கும் பிறகு முதலில் மெமரி கார்டை வெளியே எடுத்து நகல் எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அடுத்து.

ஸ்ட்ராப் ஏன் அறுந்தது என்று பார்த்தீர்களா? என் அனுபவத்தில் பட்டை அறுவது அபூர்வம். பக்கிளுக்குள் பட்டையின் வால் ஒரு சுற்று மட்டும் போயிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நழுவி ஒருநாள் முழுதும் வெளியே வந்துவிடும். வாலைத் திருப்பி இரண்டாவது தடவை உள்ளே விட்டால் நழுவாது. ட்ரைபாட் துளையில் திருகி மாட்டுகிற பக்கவாட்டு ஸ்ட்ராப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், நடக்க நடக்க அந்தத் திருகு தளரும். அதிலிருந்து கேமராவின் ஸ்ட்ராப் வளையத்துக்கு ஒரு சின்னக் கயிறு கூடுதலாகக் கட்டிவிடுங்கள்.

* * *

நான் மலையேறிப் படமெடுக்கிறவன். ஒன்று சொல்ல வேண்டும், கோபத்தோடுதான் சொல்கிறேன்: கேமராவைக் காப்பாற்ற உடம்பைக் கொடுக்காதீர்கள். வழுக்கும்போது உடம்பு தானாகக் கையை ஊன்றப் பார்க்கும். கையில் கேமரா இருந்தால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கையாலோ முகத்தாலோ பாறையைத் தொடுவோம். என்னோடு வந்த நண்பர் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவரால் பல மாதம் அதைத் தூக்கவே முடியவில்லை.

கழுத்தில் தொங்கும் கேமரா குனியும்போதெல்லாம் முன்னால் ஊசலாடிப் பாறையில் மோதும், உடம்பின் சமநிலையையும் கெடுக்கும். ஏற்றம் கரடானால் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட வேண்டும். அந்த ஜிப்பை முழுதாக மூடுங்கள், பாதி மூடிய பையைத் தோளில் ஏற்றும்போது லென்ஸ் உருண்டு விழுவதை எத்தனையோ பேருக்கு நடக்கப் பார்த்துவிட்டேன்.

ஒரு ஓடையைக் கடக்கும்போது கல் புரண்டு பையோடு தண்ணீரில் உட்கார்ந்தேன். கரையேறிய உடனே பேட்டரியை வெளியே எடுத்தேன், கார்டை எடுத்தேன், ஆன் செய்து பார்க்கவே இல்லை. வேலை செய்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்க்கிற ஆசைதான் போர்டை எரிக்கிறது. அரிசியில் புதைக்க வேண்டாம், தூசுதான் உள்ளே போகும். துடைத்து, மூடிகளையெல்லாம் திறந்து, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு நேராக சர்வீஸுக்குப் போனேன்.

இங்கேதான் இன்சூரன்ஸ்காரர்களோடு ஒரு சிக்கல். சர்வேயர் பார்க்கும்வரை பிரிக்கக்கூடாது என்கிறார்கள். சர்வீஸ் சென்டரோ ஒவ்வொரு நாளும் உள்ளே அரிப்பு கூடும் என்கிறது. கடல் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம், உப்பு காய்ந்தாலும் அங்கேயே உட்கார்ந்து தின்னும். நான் அன்றைக்கே மெயில் அனுப்பி, "சேதம் கூடாமல் இருக்கப் பிரித்துச் சுத்தம் மட்டும் செய்யலாமா, பாகங்கள் எதையும் மாற்ற மாட்டோம்" என்று கேட்டு, எழுத்தில் சரி வாங்கிக்கொண்டேன். சேதம் பரவாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை என்று பெரும்பாலான பாலிசிகளிலேயே எழுதியிருக்கும், அந்த வரியைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

* * *

எங்கள் குழுவில் எல்லாருடைய க்ளெய்ம் காகிதங்களும் என் கையால்தான் போகும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு. தயாரிப்பாளர் வாரண்டி உற்பத்திக் குறைக்கு மட்டும்தான், கீழே விழுந்தது அதில் வராது. கடையில் சேர்த்து விற்கிற நீட்டித்த வாரண்டியிலும், தற்செயல் சேதம் என்று தனியாக எழுதியிருந்தாலொழிய, வராது.

வீட்டுப் பொருள் பாலிசியில் கேமரா இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் மூன்று இடங்களைப் படியுங்கள். வீட்டுக்கு வெளியே நடக்கும் சேதத்துக்குப் பாதுகாப்பு உண்டா, ஒரு பொருளுக்கு உச்சவரம்பு எவ்வளவு, பணம் வாங்கிக்கொண்டு படமெடுத்தால் செல்லுமா. மூன்றாவதில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். எப்போதாவது ஒரு நிகழ்ச்சிக்குக் காசு வாங்கினாலும் அதைத் தொழில் என்று எடுத்துக்கொண்டு மறுக்க வழி இருக்கிறது. தீ, திருட்டு என்று காரணங்களை எண்ணிப் போட்ட பாலிசியில் விழுதல் இல்லை என்றால் இல்லைதான். ஆல் ரிஸ்க் வகையில், விலக்குப் பட்டியலில் சொல்லாத எந்தத் தற்செயல் சேதமும் வரும், அதனால் அங்கே படிக்க வேண்டியது விலக்குப் பட்டியலை. தேய்மானம், பூஞ்சை, தானாகப் பழுதாவது, ஆளில்லாத வண்டியில் வைத்துவிட்டுப் போய்த் திருடு போவது, இவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறார்கள். அதன் விளைவு பலருக்குத் தெரியாது. உங்கள் கருவிகளின் உண்மை மதிப்பு 100 என்று வையுங்கள், நீங்கள் 60-க்குத்தான் இன்சூர் செய்திருக்கிறீர்கள், ஒரு லென்ஸ் விழுந்து 20 சேதம். 60-க்குள்தானே இருக்கிறது, முழுதும் வரும் என்று நினைப்போம். விகித விதி உள்ள பாலிசியில் 12-தான் வரும், அதிலும் நம் பங்காகப் போட்டிருக்கிற எக்ஸஸ் தொகையைக் கழித்துக்கொண்டு. பழையதற்குப் புதியது தருவார்களா, தேய்மானம் கழிப்பார்களா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

ஒவ்வொரு பாடிக்கும் லென்ஸுக்கும் சீரியல் நம்பர், பில், ஒரு போட்டோ என்று பட்டியல் வைத்து, புதிதாக வாங்கினால் அன்றே பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் பாலிசி இருக்கட்டும். விழுந்ததும் கையில் எடுப்பதற்கு முன் கிடந்த இடத்திலேயே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், உடைந்த ஹூடையும் தூக்கிப் போடாதீர்கள்.

* * *

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. சர்வதேசப் பயணத்தில் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி பைகளுக்கான இழப்பீட்டுக்கு ஒரு பயணிக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு, 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஒரு நல்ல டெலி லென்ஸுக்கே அது காணாது. பை சேதமானால், கையில் வாங்கிய நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கேமராவைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கேபினில் இடமில்லை என்று வாசலில் பையைக் கேட்டால், உள்ளே ஒரு சின்னப் பையில் பாடியும் முக்கிய லென்ஸும் தனியாக இருந்தால் அதை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளலாம். உதிரி லித்தியம் பேட்டரிகளையும் அப்போதே எடுத்துவிட வேண்டும், அவை சரக்கு அறைக்குப் போகக்கூடாது.

* * *

ட்ரைபாட் தட்டிவிட்டது என்று முதலில் எழுதியவருக்கு: கனமான லென்ஸ் என்றால் ஒரு காலை லென்ஸ் பார்க்கும் திசையிலேயே வைத்தால் முன்பக்கம் சாய்வது ரொம்பக் குறையும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ட்ரைபாடின் கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஆடி அதுவே ட்ரைபாடை இழுக்கும். கேமராவின் அடியில் மாட்டுகிற பிளேட்டின் இரண்டு முனையிலும் வரும் சின்னத் தடுப்புத் திருகுகளைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், அந்த பிளேட்டைப் பிடிக்கிற கிளாம்ப் தளர்ந்தாலும் கேமரா வழுக்கி வெளியே வராமல் பிடிப்பவை அவைதான்.

இன்னொன்று, அந்த ட்ரைபாட் அன்று யாராவது ஒருவர் மேல் விழுந்திருந்தால் கருவி இன்சூரன்ஸ் அதற்கு உதவாது. மூன்றாம் நபர் பொறுப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். கூட்டத்தில் வேலை செய்பவர்கள் யாராவது அதை எடுத்திருந்தால், க்ளெய்ம் வரை போயிருந்தால், எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.