வருந்திக் கூட்டிக்கொண்டுவா: அகஸ்டின் ராஜாவுக்குக் கொடுத்த வசனம்

கரிசல்காட்டான்:

கிறிஸ்தவமும் அரசும் என்று பேச்செடுத்தாலே பழியை எல்லோரும் ரோம ராஜா கான்ஸ்டன்டைன் தலையில் கட்டிவிடுகிறார்கள். 313-ல் மிலானில் வழிபாட்டு உரிமை கொடுத்தார், 325-ல் நைசியாவில் ஆயர்களைக் கூட்டினார், அன்றோடு சபை கெட்டது, கதை முடிந்தது. எனக்கு ராஜா மேல் புகார் இல்லை. ராஜா ராஜா மாதிரிதான் நடப்பார். என் புகார் யோசிக்கத் தெரிந்த ஒரு ஆள் மேல். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின்.

'கடவுளின் நகரம்' நான்காம் புத்தகத்தில் ஒரு கடற்கொள்ளைக்காரன் வருவான். கடலில் ஏன் அட்டூழியம் செய்கிறாய் என்று அலெக்சாந்தர் கேட்க, "நீங்கள் உலகம் முழுக்கச் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். என்னிடம் இருப்பது சின்னக் கப்பல், அதனால் நான் திருடன். உங்களிடம் பெரிய படை, அதனால் நீங்கள் சக்கரவர்த்தி" என்பான். நீதியை எடுத்துவிட்டால் அரசு என்பது பெரிய கொள்ளைக்கூட்டம்தான் என்று அந்த இடத்தில் எழுதுகிறார் அகஸ்டின். அதிகாரத்தை இப்படி உரித்துக் காட்டியவர்கள் குறைவு.

அதே ஆள் அதற்குச் சில வருடம் முன்பு, 408 வாக்கில், படிக்கிற காலத்தில் பழக்கமான வின்சென்ட் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வட ஆப்பிரிக்காவில் பிரிந்து நின்ற டோனாட்டியர்களை ராஜ சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்திச் சபைக்குள் கொண்டுவருவது சரிதான் என்கிறார். (தெரியாதவர்களுக்கு: 303-ல் டயோக்ளீஷியன் வேதப் புத்தகங்களை ஒப்படைக்கச் சொன்னபோது பயந்து கொடுத்தவர்கள் உண்டு. அப்படிக் கொடுத்தவர் கைவைத்துச் செய்த ஆயர் பட்டம் செல்லாது என்று தனியாகப் போனவர்கள் இவர்கள்.) ஆதாரமாக அவர் காட்டுவது லூக்கா 14-ல் வரும் விருந்து உவமை. "ஜனங்களை உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா." நம் பழைய வேதாகமத்தில் 'வருந்தி'. அவர் படித்த லத்தீனில் 'கட்டாயப்படுத்து'.

பந்திக்கு ஆள் கூப்பிடுகிற கதையில் இருந்து ஒரு வினைச்சொல்லை எடுத்துச் சிப்பாய் கையில் கொடுத்துவிட்டார். இது சின்னச் சறுக்கல் என்று யாராவது சொன்னால் கேட்கத் தயார். ஒத்துக்கொள்வேன் என்று சொல்லவில்லை.

மாதாகோவில்_மணி:

தம்பி, பாதிக் கதையைச் சொல்லிவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ராஜாவிடம் போனது யார்? டோனாட்டியர்கள்தான். 313-ல் கான்ஸ்டன்டைனுக்கு மனுக் கொடுத்தார்கள். ரோமில் விசாரித்ததில் தோற்றார்கள். மறுபடி கேட்டார்கள், 314-ல் ஆர்ல் நகரத்தில் விசாரணை, அங்கேயும் தோல்வி. 316-ல் ராஜாவே விசாரித்துச் சொன்ன தீர்ப்பும் அவர்களுக்கு எதிராகத்தான். ராஜ ஆட்கள் 347-ல் கார்த்தேஜுக்கு வந்தபோது டோனாட்டியர்களின் தலைவர் டோனாட்டஸ் கேட்டாராம், "சக்கரவர்த்திக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்?" என்று. நல்ல கேள்வி. 313-ல் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்து, பாகாயி ஊர்க் கத்தோலிக்க ஆயர் மாக்சிமியன். கோர்ட்டில் ஜெயித்து டோனாட்டியர்களிடமிருந்து கோவிலைத் திரும்ப வாங்கினார். அதற்காகப் பீடத்தை உடைத்து அந்தக் கட்டையாலேயே அவரை அடித்தார்கள், குத்தினார்கள், ராத்திரியில் கோபுரத்தின் மேலிருந்து தூக்கிப் போட்டார்கள். கீழே எருக்குவியல் இருந்ததால் பிழைத்தார். டோனாட்டியர் பக்கம் தடியோடு சுற்றிய கும்பல் சுண்ணாம்பையும் காடியையும் கலந்து பாதிரிமார் கண்ணில் ஊற்றியது. "கடவுளுக்குத் துதி" என்று கத்திக்கொண்டுதான் வருவார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அகுஸ்தினார் (உங்கள் அகஸ்டின்தான்) இன்னொரு பிரசங்கம் எழுதியிருக்க வேண்டுமா? உங்கள் தெருவில் இப்படி நடந்தால் போலீசைக் கூப்பிட மாட்டீர்களா?

கருஞ்சட்டை:

ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே கடவுள், ஒரே புத்தகம், கையில் கட்டை. இதில் யார் சரி என்று நாம் வேறு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுமா? 385-ல் ஸ்பெயின் ஆயர் பிரிசில்லியனைக் கொன்றது யார்? கிறிஸ்தவ ராஜா. பிடித்துக் கொடுத்தது யார்? கிறிஸ்தவ ஆயர்கள். வேலையைப் பாருங்கள் தோழர்களே.

பழைய_டீச்சர்:

கருஞ்சட்டை, அந்தக் கதையின் மறுபாதி: பிரிசில்லியன் மேல் எழுதிய குற்றம் சூனியம். கொல்ல வேண்டாம் என்று ராஜாவிடம் கெஞ்சியவர் தூர் நகரத்து மார்ட்டின், அவரும் ஆயர்தான். பிடித்துக் கொடுத்த அந்த ஆயர்களோடு ஒட்டமாட்டேன் என்று நின்றவர் மிலான் ஆயர் அம்புரோஸ். எல்லோரும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் வரலாறு படிக்கிற வேலை மிச்சம், அது உண்மை.

மணி அண்ணே, போலீசைக் கூப்பிடுவது பற்றி. அங்கேதான் விஷயமே இருக்கிறது. 404-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் ராஜாவிடம் கேட்டது சின்ன விஷயம். சபைக்கு மாறான கொள்கைக்காரப் பாதிரிகளுக்குப் பத்து ராத்தல் பொன் அபராதம் என்று ராஜா தியோடோசியஸ் போட்ட பழைய சட்டம் ஒன்று இருந்தது. எங்கே அடிதடி நடந்ததோ அந்த ஊர் டோனாட்டியப் பாதிரி மேல் மட்டும் அதைப் போடுங்கள், அது போதும் என்றார்கள். சபையில் சேரச் சொல்லிக் கட்டாயம் வேண்டாம், பேசியே தீர்க்கலாம் என்பவர்கள் பக்கம்தான் அகஸ்டின் இருந்தார். அவரே இதைப் பின்னால் போனிஃபேஸ் என்ற படைத்தலைவருக்கு எழுதியிருக்கிறார்.

ஆனால் இவர்களுடைய தூதர்கள் அரண்மனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் சொன்ன மாக்சிமியன் அங்கே போய்த் தழும்பைக் காட்டிவிட்டார். 405-ல் ராஜா ஹொனோரியஸ் போட்ட சட்டம், அடித்தவன் அடிக்காதவன் பார்க்காமல் மொத்த டோனாட்டிய சபையையும் இல்லாமல் ஆக்குகிற சட்டம். கேட்டது காவல். கிடைத்தது ஒழிப்பு. மூன்று வருடத்தில் அகஸ்டின் கிடைத்ததற்கு வசனம் தேடிக் கொடுக்கிறார். வின்சென்ட் கடிதத்தில் காரணமும் சொல்கிறார்: வாதம் என் மனதை மாற்றவில்லை, உதாரணங்கள் மாற்றின, என் சொந்த ஊரே சட்டத்துக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது, இன்று பார்த்தால் அந்தப் பக்கம் இருந்த ஊர் என்றே தெரியாது என்று.

ஒரு தத்துவவாதி "பலன் தெரிகிறதே" என்று சொல்லும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது.

412 சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். டோனாட்டியராகவே இருப்பேன் என்பவர்களுக்கு அந்தஸ்து வாரியாக அபராதம், மேல்தட்டுக்கு 50 ராத்தல் பொன். நிலத்தில் உழைக்கிறவனுக்கு? அடிக்கடி அடி. வரி வசூல் மாதிரியே ஒரு அட்டவணை.

மாதாகோவில்_மணி:

டீச்சர், 404 விஷயம் நியாயமாகச் சொன்னீர்கள், மறுக்கவில்லை. ஆனால் 411 மாநாட்டை விட்டுவிட்டீர்கள். கார்த்தேஜில் ஒரு குளியல் மாளிகையில், ஜூன் மாதப் புழுக்கத்தில், ரெண்டு பக்கமும் சேர்த்து ஐந்நூறுக்கு மேல் ஆயர்கள். பாவிகளோடு உட்கார மாட்டோம் என்று டோனாட்டியர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். தலைமை தாங்கிய மார்செல்லினுஸ் ராஜ அதிகாரி, அவரும் மரியாதைக்கு நின்றார். பேசியது எல்லாம் சுருக்கெழுத்தில் எழுதி, பேசியவரிடமே கையெழுத்து வாங்கினார்கள். எந்தக் கொடுங்கோலன் இவ்வளவு சிரமப்படுவான்?

அதே மார்செல்லினுஸுக்கு அகுஸ்தினார் எழுதியதும் இருக்கிறது. ஒரு குருவானவரைக் கொன்று இன்னொருவரின் விரலை வெட்டிய கும்பல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ரத்தத்துக்கு ரத்தம் வேண்டாம், அவர்களைக் கொல்லாதீர்கள், உறுப்பை வெட்டாதீர்கள் என்று கெஞ்சுகிறார். செத்தது இவருடைய ஆள்!

அம்புரோசையும் கணக்கில் எடுங்கள். 390-ல் தெசலோனிக்காவில் ஜனங்களைப் படையை விட்டு வெட்டிக் கொன்ற தியோடோசியஸை, பாவப்பரிகாரம் செய்யாமல் நற்கருணை இல்லை என்று நிறுத்தினார். உலகத்துக்கே ராஜா கோவிலில் அழுதார். ராஜாவின் பக்கத்தில் சபை நிற்காமல் இருந்திருந்தால் அவர் காதில் இதை யார் சொல்லியிருப்பார்கள்?

அப்புறம் அந்த வசனம். கல்யாண வீட்டில் வாசலோடு திரும்புகிறவரைக் கையைப் பிடித்து இழுத்து, "சாப்பிடாமல் போனால் பேச மாட்டேன்" என்று இலை முன்னால் உட்கார வைக்கிறோமே, அதுவும் கட்டாயம்தான். அதற்குப் பெயர் அன்பு.

கரிசல்காட்டான்:

அண்ணே, இழுக்கிறவர் இடுப்பில் வாள் இருந்தால் அது விருந்து இல்லை.

கொல்லாதே என்று கெஞ்சினார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த மனிதர் ஈரமுள்ளவர்தான். ஆனால் ஈரம் அவரோடு போய்விட்டது, வாதம் தங்கிவிட்டது. அம்புரோஸ் கதையிலும் பாதிதான் சொல்கிறீர்கள். 388-ல் யூப்ரடீஸ் கரையில் கல்லினிக்கம் ஊரில் கிறிஸ்தவக் கும்பல் யூதர்களின் ஜெபாலயத்தைக் கொளுத்தியது. உள்ளூர் ஆயரே கட்டிக் கொடுக்கட்டும் என்றார் தியோடோசியஸ். நியாயமான உத்தரவு. அதை வாபஸ் வாங்கினால்தான் பலி பூசையைத் தொடர்வேன் என்று கோவிலிலேயே நின்றவர் இதே அம்புரோஸ். ராஜா காதில் நல்லது சொன்ன வாய்தான் இதையும் சொன்னது.

இப்போது வசனம் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். 1681-ல் இருந்து பிரான்சில் புராட்டஸ்டண்டுகள் வீட்டில் குதிரைப்படை ஆட்களைத் தங்க வைத்தான் 14-ஆம் லூயி. இருப்பதையெல்லாம் தின்பார்கள், சாமானை உடைப்பார்கள், தூங்கவிடாமல் முரசு அடிப்பார்கள். மதம் மாறினேன் என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். 1685 அக்டோபரில், புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்திருந்த நான்த் சாசனமே ரத்து. அந்த வருடமே பாரிசில் ஒரு சின்னப் புத்தகம் அச்சாகிறது. உள்ளே என்ன? அகஸ்டினின் ரெண்டு கடிதங்கள், பிரெஞ்சு மொழியில்: வின்சென்ட்டுக்கு ஒன்று, போனிஃபேஸுக்கு ஒன்று. ஆப்பிரிக்கச் சபை அன்று செய்ததைத்தான் பிரெஞ்சுச் சபை இன்று செய்கிறது என்று தலைப்பிலேயே போட்டார்கள்.

ரோட்டர்டாமுக்கு ஓடிப்போயிருந்த பியர் பேல் என்ற தத்துவ ஆசிரியரின் அண்ணன் அந்த நவம்பரில் போர்தோ சிறையில் செத்தார். தம்பி எழுதியதற்குத்தான் அண்ணனைப் பிடித்தார்கள். பேல் மறுவருடம் அந்த ஒரே வசனத்துக்கு ஒரு முழுப் புத்தகம் விளக்கம் எழுதினார். வாதம் எளிது. ஒரு வசனத்துக்கு எந்தப் பொருள் குற்றம் செய்யச் சொல்கிறதோ அது தப்பான பொருள். உண்மை எங்கள் பக்கம், அதனால் கட்டாயப்படுத்தலாம் என்று நீ சொன்னால் எதிராளியும் அதையே சொல்வான். கடைசியில் யாரிடம் படை இருக்கிறதோ அவன் பக்கம் உண்மை.

கடற்கொள்ளைக்காரன் சொன்னதும் இதுதானே.

மாதாகோவில்_மணி:

அகுஸ்தினார் இறந்தது 430. லூயி செய்தது 1255 வருடம் கழித்து. கொள்ளுப்பேரன் வாங்கிய கடனுக்கு முப்பாட்டனை ஜப்தி செய்கிறீர்கள்.

பேல் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. மனசாட்சி சொல்வதைச் செய்யலாம் என்றும் அவர் சொல்கிறார். அப்படியென்றால், துன்புறுத்துவதுதான் என் கடமை என்று மனசாட்சியோடு நம்புகிறவனை என்ன செய்வீர்கள்?

பழைய_டீச்சர்:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பேலும் அதைத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டு திணறினார். அவர் நின்ற இடம்: அமைதியைக் கெடுத்தால் அரசு தண்டிக்கலாம், கருத்துக்காகக் கூடாது. தடிக்காரனைப் பிடி, டோனாட்டியனை விடு. 404-ல் அந்த ஆயர்கள் கேட்டதும் ஏறக்குறைய அதுதான், அண்ணே. நீங்கள் காப்பாற்ற நினைக்கும் அகஸ்டின் 404-ல் இருக்கிறார். தம்பி திட்டுகிறவர் 408-ல் இருக்கிறார்.

கருஞ்சட்டை:

நான் போய்விட்டேன் என்று நினைத்தீர்களா? டீச்சர் சொன்னதைப் படித்தேன். மார்ட்டின் விஷயம் எனக்குத் தெரியாது. மார்செல்லினுஸ் என்ன ஆனார்?

பழைய_டீச்சர்:

413-ல் கொன்றுவிட்டார்கள். ஒரு கலகத்தில் சேர்ந்தார் என்று குற்றம் சாட்டித் தலையை வெட்டியது அவர் வேலை பார்த்த அதே அரசு. அகஸ்டின் எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. 'கடவுளின் நகரம்' அவருக்குத்தான் சமர்ப்பணம்.

மாதாகோவில்_மணி:

நேற்று ராத்திரி ஜெபம் முடிந்து லூக்கா 14-ஐத் திறந்தேன். எங்கள் பொது மொழிபெயர்ப்பில் 'வருந்தி' இல்லை, தம்பி. "மக்களை வற்புறுத்திக் கூட்டிவாரும்" என்று இருக்கிறது. இத்தனை வருடம் வாசகம் வாசித்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. உங்கள் பழைய வேதாகமத்து வார்த்தைதான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கிரேக்கம் எங்கள் பக்கம் போலிருக்கிறது.

கரிசல்காட்டான்:

கிரேக்கத்தில் கட்டாயம்தான், அண்ணே. அப்படியே இருந்தாலும் அந்தப் பந்திக்குக் கூப்பிடப் போனவன் ஒரே ஒரு வேலைக்காரன். படை எதுவும் கூடப் போகவில்லை.

மாதாகோவில்_மணி:

அதைப் பற்றி நாளைக்குச் சண்டை போடலாம். இப்போது பூசைக்கு நேரமாகிறது.