மேலத்தெரு குடும்பம் குழு: எட்டு வளையம்

வளர்மதி: [படம்] 2015 ஜூலையில் சந்திரா டெலஸ்கோப் எடுத்தது. எத்தனை வளையம் என்று எண்ணுங்கள்.

முருகேசன் சித்தப்பா: எட்டு. லென்ஸில் அழுக்கா மா?

வளர்மதி: அழுக்குதான் சித்தப்பா. ஆனால் லென்ஸில் இல்லை, நடுவழியில்! வி404 சிக்னி என்ற கருந்துளை, 7,800 ஒளியாண்டு தூரம். 26 வருடம் சும்மா கிடந்துவிட்டு அந்த ஜூனில் திடீரென்று எக்ஸ்ரேயாகக் கொட்டியது. வழியில் அடுக்கடுக்காகத் தூசி மேகங்கள்.

சித்ரா அத்தை: சந்திரா யாருடி?

வளர்மதி: நம் விண்வெளி விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர் அத்தை. அவர் பெயரில் நாசா 1999இல் அனுப்பியது.

முருகேசன் சித்தப்பா: தூசி இருந்தால் மறைக்கத்தானே வேண்டும்? வளையம் எப்படி வரும்?

வளர்மதி: கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் நன்றாக மறைக்கும். எக்ஸ்ரேயில் ஆற்றல் குறைந்ததை வாயுவும் தூசியும் சேர்ந்து விழுங்கிவிடும். வலுவானது தாண்டி வரும். அதில் கொஞ்சம் மட்டும் மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விடச் சிறிய தூசித் துகள்களில் பட்டு, ஒரு டிகிரி கூட இல்லாமல் லேசாகத் திசை மாறும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு திசை மாறி ஒரே நேரத்தில் வந்து சேர்வதுதான் வட்டமாகத் தெரிகிறது, ஒரு மேகத்துக்கு ஒரு வளையம். நேராக வருவதை விட இப்படி வளைந்து வரும் பாதை நீளம், அதனால் தாமதம். மலையடிவாரத்தில் வெடி போட்டால் பிறகு எதிரொலி கேட்குமே, அதேதான்.

முருகேசன் சித்தப்பா: எவ்வளவு தாமதம்?

வளர்மதி: இந்தப் படத்துக்கு இரண்டு, மூன்று வாரம்.

சித்ரா அத்தை: 7,800 வருடம் நடந்து வந்ததில் மூன்று வாரம்தானா! உன் மாமா பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கே பந்தி முடிந்துதான் வருவார்.

மாமா: நான் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

வளர்மதி: 😂 அந்தத் தாமதம்தான் எங்களுக்கு அளவுகோல் மாமா. கருந்துளையின் தூரம் தெரியும், தாமதமும் தெரியும். வளையம் எவ்வளவு பெரிது என்று பார்த்தால் தூசி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பெரிய வளையம் நமக்குக் கிட்டே உள்ள மேகம், சின்னது கருந்துளைப் பக்கம். நாளாக ஆக எல்லா வளையமும் விரிந்து மங்கும். 2022 அக்டோபரில் ஒரு காமா கதிர் வெடிப்புக்கு (எங்கோ தூரத்தில் நடந்த பயங்கர வெடிப்பு) இருபது வளையம் கிடைத்தது!

கதிர்: அக்கா, மாடிக்குப் போனால் தெரியுமா?

வளர்மதி: தெரியாதுடா. எக்ஸ்ரே நம் காற்றைத் தாண்டிக் கீழே வராது. அதனால்தான் டெலஸ்கோப்பை மேலே அனுப்புகிறார்கள்.

அம்மாச்சி: கதிர், மாடிக்குப் போனால் வடகத்தை எடுத்துக்கொண்டு வா. அதிலும் தூசி விழுந்திருக்கும்.