நிறுவனத்துக்குச் சொந்தமாக ஐபி முகவரித் தொகுதி பெறுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். கோயம்புத்தூரில் பில்லிங் மென்பொருளை எங்கள் சர்வரிலேயே வைத்து வாடகைக்கு வழங்கி வருகிறோம். இரண்டு ஐஎஸ்பிகளிடம் (இணையச் சேவை நிறுவனங்களிடம்) லீஸ்டு லைன், அதாவது எங்களுக்கென்றே தனி இணைப்பு, இருக்கிறது. ஆனால் சர்வர்கள் அனைத்தும் முதல் ஐஎஸ்பி தந்த, எட்டு முகவரிகள் கொண்ட /29 தொகுதியில்தான் இயங்குகின்றன. சென்ற மாதம் அந்த லைன் ஒன்பது மணி நேரம் துண்டிக்கப்பட்டபோது, இரண்டாவது லைன் நன்றாக இருந்தும், வாடிக்கையாளர் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. பலர் தங்கள் ஃபயர்வாலில் எங்கள் முகவரிகளை மட்டுமே அனுமதித்திருப்பதால் அவற்றை மாற்றுவதும் எளிதன்று. எங்களுக்கென்று ஒரு தொகுதி பெற யாரை அணுக வேண்டும்?

பதில் 1:
/29இல் உள்ள எட்டு முகவரிகளில் நெட்வொர்க், பிராட்காஸ்ட், கேட்வே மூன்றும் போக உங்கள் கைக்கு வருபவை ஐந்துதான். அவையும் அந்த ஐஎஸ்பிக்கு உரியவை என்பதால் மற்ற லைனில் இயங்கா. இந்தியாவில் முகவரிகளை நேரடியாக வழங்குவது, நிக்சி (இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு) நடத்தும் ஐஆர்ஐஎன்என் பதிவகம். அதில் உறுப்பினராகி, உங்கள் நெட்வொர்க்கை இணையத்தில் அடையாளம் காட்டும் ஏஎஸ் எண்ணுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். அந்த எண் இருந்தால்தான் ஒரே தொகுதியை இரண்டு லைன்களிலும் பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழியைத் தெரிவிக்கும் நெறிமுறை) வழியாக அறிவிக்க முடியும். 256 முகவரிகள் கொண்ட /24க்குக் குறைவான தொகுதியைப் பிற நெட்வொர்க்குகள் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால் அதற்குக் கீழே கேட்டுப் பயனில்லை. இப்போது பரவலாகப் புழங்கும் ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது; 2019 முதல் ஏபிநிக் (ஆசிய-பசிபிக் முகவரிப் பதிவகம்) வட்டாரத்தில் புதியவர்களுக்கு அதிகபட்சம் /23, அதாவது 512 முகவரிகள்தான். கேட்கும் தொகுதியில் கால் பங்கை உடனடியாகவும், பாதியை ஓராண்டுக்குள்ளும் பயன்படுத்துவீர்கள் என்று காட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஆகவே எந்தச் சர்வருக்கு எத்தனை என்று இப்போதே எழுதி வையுங்கள்.

பதில் 2:
அவசரத்துக்கு வெளியில் ஒரு /24ஐ வாடகைக்கு எடுத்தோம். முன்பு அதைப் பயன்படுத்தியவரின் ஏஎஸ் எண்ணுக்கான ஆர்ஓஏ பதிவு (ஒரு தொகுதியை எந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம் என்று சொல்லும் சான்று) நீக்கப்படாமல் இருந்ததால், எங்கள் அறிவிப்பு ‘இன்வேலிட்’ (செல்லாதது) என்று பல நெட்வொர்க்குகளில் நிராகரிக்கப்பட்டது. அது சரியான பிறகும், ஸ்பேம் பட்டியல்களில் அந்த முகவரிகள் இருந்ததால் எங்கள் மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன. வாடகைக்கு எடுப்பதானால் இவ்விரண்டையும் முன்பே சோதித்துவிடுங்கள். நேரடியாக விண்ணப்பிப்பதானால் புதிய வகை முகவரிகளான ஐபிவி6 தொகுதியையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பெரிய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி முகவரி தந்தால்கூட இன்றைக்கு 41தான் வருகிறது. /24இன் கால் பங்கான 64ஐ எட்டவில்லை.

பதில் 1:
எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வேண்டாம். தேவை வளர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள். அதுவரை இரண்டாவது ஐஎஸ்பியிடமும் ஒரு /29 வாங்கி, அந்த முகவரிகளையும் ஃபயர்வாலில் இப்போதே அனுமதிக்குமாறு வாடிக்கையாளர்களுக்கு எழுதுங்கள். டொமைன் பெயரின் டிடிஎல் மதிப்பை (பழைய முகவரியைப் பிறர் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்தால், முதல் லைன் விழுந்ததும் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்றிச் சிறிது நேரத்தில் அடுத்த லைனுக்குப் போய்விடலாம்.