பைக்கு ஒரு மரக்கன்று: அட்டையில் அச்சிடலாமா?

கேள்வி:
நானும் தங்கையும் துணிப்பை தைத்து விற்கிறோம். விற்கும் ஒவ்வொரு பைக்கும் ஒரு மரக்கன்று நடுவதாக அட்டையில் அச்சிட வேண்டும் என்பது தங்கையின் ஆசை. பணம் கொடுத்தால் நட்டுத் தருவதாக ஓர் அமைப்பு முன்வந்திருக்கிறது. என்ன மரம், எந்த நிலம் என்று கேட்டேன். "எண்ணிக்கைக்கு நாங்கள் பொறுப்பு" என்று மட்டும் பதில் வந்தது. மனம் ஒப்பவில்லை. வேறு என்ன கேட்க வேண்டும்?

பதில்:
அம்மா, நான் காட்டுமர நாற்றங்காலில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு நிறுவனத்துக்காக ஆயிரம் கன்றுகளை வண்டியேற்றி அனுப்பினேன். நட்டார்கள், படம் எடுத்தார்கள். மறுகோடையில் போய்ப் பார்த்தால் இடுப்பளவு புல். அதற்குள் கையை விட்டுத் துழாவித்தான் கன்றுகளைத் தேடினேன், பெரும்பாலானவை காய்ந்திருந்தன. களை எடுக்க யாரும் பணம் ஒதுக்கவில்லை. அவற்றுக்கு விதை பொறுக்கியவள் நான், இன்றும் ஆறவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குக் களை எடுப்பது யார், பட்டுப்போன இடத்தில் மறுகன்று வைப்பார்களா என்று கேளுங்கள். என்னென்ன மரங்கள் என்பதையும் விடாதீர்கள். அத்தி, நாவல் போன்றவை இருந்தால் பழம் தின்ன வரும் பறவையும் வௌவாலும் தங்கள் எச்சத்தில் வேறு மரங்களின் விதைகளைக் கொண்டுவந்து போடும். தைலமரத்தை மட்டும் நட்டால் பச்சையாகத் தெரியும், பழந்தின்னிகளுக்கு அங்கே ஒன்றுமில்லை. அழிந்த காடுகளை மீட்க 2011இல் தொடங்கிய பான் சவால் என்ற உலகளாவிய முயற்சியின் கீழ் நாடுகள் மீட்பதாக உறுதியளித்த நிலத்தில் 45 சதவீதம் வணிக மரத்தோப்பாகவே திட்டமிடப்பட்டிருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு காட்டியது.

பதில்:
நிலத்தைப் பற்றி ஒன்று. அது இயற்கையான புல்வெளியாக இருந்தால் மரமே வேண்டாம். வெளிமானும் வானம்பாடியும் திறந்தவெளியில் வாழ்பவை. அங்கே தோப்பு வைப்பது அவற்றின் வீட்டை அழிப்பது.

பதில்:
தொழில் நடத்துபவர்கள் பணமாகத்தான் உதவ வேண்டும் என்றில்லை. கோஸ்டா ரிகாவில் டெல் ஓரோ என்ற ஆரஞ்சுச் சாறு நிறுவனம், 1990களின் பிற்பகுதியில் தன் காட்டு நிலத்தைக் குவானகாஸ்டே காப்புப் பகுதிக்குக் கொடுத்தது. பதிலுக்கு, அங்கே பாழ்பட்டுக் கிடந்த மேய்ச்சல் நிலத்தில் பழத்தோலைக் கொட்ட அனுமதி பெற்றது. 3 ஹெக்டேரில் சுமார் 12,000 டன் குவிந்தது. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டதால் திட்டம் நின்றுவிட்டது. ஆனால் தோல் புல்லை அமுக்கி, மண்ணையும் வளமாக்கியிருந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, பக்கத்து நிலத்தைவிட மரங்களின் உயிர்த்திரள், அதாவது மொத்த எடை, 176 சதவீதம் கூடுதல்! சூழலியலாளர்களின் யோசனையில் நடந்த வேலை அது. கழிவை நாமாகக் கொண்டுபோய்க் கொட்டிவிடக் கூடாது.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் ஆண்டில் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்ற கணக்கைக் கேட்டு அந்த அமைப்புக்கு எழுதிவிட்டேன். அதுவரை அட்டை அச்சாகாது. நாற்றங்கால் அக்கா, ஏற்கெனவே நட்ட இடத்தில் களை எடுப்பதற்கு மட்டும் பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

பதில்:
சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், தங்கையே. நட்ட பிறகு வரும் முதல் இரண்டு மழைக்காலங்களுக்காவது கொடுங்கள். புல் கன்றை மூடுவது அப்போதுதான்.